பிரித்தெடுக்க முடிந்த சுவர்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், லெபு சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு கடைவீட்டின் பின்சுவரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து, தேய்ந்துபோன பாராங் கத்தியின் முதுகால் பழைய சாந்தைச் சுரண்டினார். சாந்து மாவு மாதிரி உதிர்ந்தது. நாலைந்து இழுப்பில் கல் சுத்தமாகிவிடும். அப்புறம் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். கணீரென்றால் வலப்பக்கக் குவியல், சொத்தென்றால் இடப்பக்கம்.

"அண்ணே, இந்தக் கல்லெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகாது தம்பி. இதே செவுத்துக்குத்தான். உப்பு அரிச்சதை மட்டும் தள்ளிடுவோம்."

சொல்லிவிட்டு, சுவரின் இன்னொரு மூலையைக் காட்டினார். எப்போதோ நடந்த பழுதுபார்ப்பில் அந்த இடத்தைச் சிமெண்டு வைத்துப் பூசிக் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு கல்லைப் பெயர்க்க உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். கல் இரண்டாக உடைந்தது. சிமெண்டு அப்படியே நின்றது. "இது குப்பைக்குத்தான்" என்று ஓரமாகப் போட்டார்.

கட்டடப் பொருள்களை மறுபடி பயன்படுத்துவது பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் ஒரு கல் மறுபடி கல்லாகுமா, குப்பையாகுமா என்பது இடிக்கிற அன்று முடிவாவதில்லை. அது கட்டுகிற அன்றே, இரண்டு கல்லுக்கு நடுவே எதை வைக்கிறோம் என்பதில் முடிவாகிவிடுகிறது. பினாங்கின் பழைய கடைவீடுகள் இதை நூறு வருடத்துக்கு மேலாக நமக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

சுண்ணாம்பு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ 900 டிகிரி அளவில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ இப்படி வாயுவாகவே போய்விடும். மிச்சத்தைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். அந்த நீறிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சுவரில் பூசியதும் எதிர்த்திசையில் வேலை தொடங்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, மாதக்கணக்கில், தடித்த சுவராக இருந்தால் வருடக்கணக்கில், அது மறுபடி கல்லாகிறது. சூளையில் எரித்த விறகின் புகை திரும்ப வராது. ஆனால் கல்லிலிருந்து போனதில் பெரும்பகுதி திரும்பக் கல்லுக்கே வந்துவிடும்.

சிமெண்டுக்கும் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல்தான். அதைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வரை சுட வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. பாலத்துக்கும் இருபது மாடிக்கும் சிமெண்டு இல்லாமல் முடியாது, அதை நான் மறுக்கவில்லை. என் கவலை வேறு. சுண்ணாம்பு போதுமான இடத்திலும் பழக்கதோஷத்தில் சிமெண்டையே அப்புகிறோம். அப்படி அப்பிய இடத்தில் கல்லும் சாந்தும் ஒன்றாகிப்போகின்றன. நாளை யாராலும் பிரிக்க முடியாது.

நம்மவர்களுக்குச் சுண்ணாம்பு புதிதில்லை. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரை தமிழ்நாட்டுக் கோயில்களிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் உண்டு. அந்தக் கைப்பக்குவம் கடல் தாண்டியும் வந்தது. சிங்கப்பூரில் 1861இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உள்சுவருக்கு அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, சர்க்கரை, அதோடு தேங்காய்மட்டை ஊறிய தண்ணீர். இந்தப் பகுதியின் பழைய சுவர்களில் நம் ஆட்களின் உழைப்பு பூச்சாகவே நிற்கிறது. பெயர் எழுதி வைக்கப்படாத உழைப்பு அது.

சரி, கடைவீட்டுக்கு வருவோம். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பங்குபோடும் தடித்த செங்கற்சுவர். முன்னால் அஞ்சடி எனும் கூரையிட்ட நடைபாதை, நடுவில் வானம் பார்த்த முற்றம். இந்த வீட்டின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் கழலக்கூடியது. ஓடு சட்டத்தில் தொங்குகிறது, அவ்வளவுதான். மாடித்தளத்துப் பலகை உத்தரத்தின் மேல் கிடக்கிறது. உத்தரத்தின் முனை சுவரில் விட்ட குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தரையில் சுடுமண் தளக்கல், அதன் கீழே மணலும் மண்ணும். ஓடு உடைந்தால் ஓட்டை மட்டும் மாற்றலாம். உத்தரம் செல்லரித்தால் அந்த ஒன்றை மட்டும் உருவலாம்.

உத்தரத்துக்கு இங்கே பேர்போன மரம் ஒன்று உண்டு. மலாயில் அதைச் செங்ஙால் என்பார்கள். நம் செங்கல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு, ஆனால் உறுதியில் சொந்தக்காரர்கள் மாதிரிதான். மலேசியத் தீபகற்பக் காடுகளில் மிக மெதுவாக வளரும் மரம். கறையான் அதனிடம் தோற்றுப்போகும். நூறு வருடம் வீட்டைத் தாங்கிய செங்ஙால் உத்தரத்தை இழைத்துப் பார்த்தால் உள்ளே புதுமரம் போலவே நிறம் காட்டும். அந்த அளவு மரம் இன்று காட்டில் நின்றால் அதை வெட்ட மனம் வரக்கூடாது. ஏற்கனவே வெட்டியதைத் தூக்கி எறியவும் மனம் வரக்கூடாது.

இந்தச் சுவர்களுக்குச் சிமெண்டு என்ன செய்கிறது என்பதை என் பெரியம்மா வாடகைக்கு இருந்த வீட்டில் சிறுவயதிலேயே பார்த்தேன். அடுப்படிச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை எப்போதும் ஈரம். வீட்டுக்காரர் ஒரு காண்டிராக்டரைப் பிடித்துப் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசினார். தரையிலும் சிமெண்டு போட்டு மேலே பளபளப்பான டைல்ஸ். ஆறு மாதம் அழகாக இருந்தது. அப்புறம் ஈரம் முழங்காலைத் தாண்டி இடுப்புவரை ஏறியது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். மறுபடி கொப்புளம். கடைசியில் ஒருநாள் பெரியம்மா சுவரில் ஆணி அடிக்கப் போக, பூச்சு பலகை போலக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த செங்கல்லை விரலால் தொட்டால் சிவப்புப் பொடியாகக் கொட்டியது.

காரணம் எளிது. கடலோர ஊர், நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும். பழைய செங்கல் அந்த ஈரத்தைத் திரி போல உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சும் சுடுமண் தரையும் இருக்கும்வரை அந்த ஈரம் வழியெல்லாம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்தது. சுவர் மூச்சுவிட்டது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். மேலே சிமெண்டு மூடியதும் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை, மேலே ஏறுகிறது. தரையில் டைல்ஸ் ஒட்டியதும் தரைக்கடி ஈரமும் சுவரைத் தேடி வருகிறது. ஈரத்தோடு உப்பும் வரும். காயும்போது உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லை உள்ளிருந்தே உடைக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்திருந்தால் அந்த உப்பு பூச்சில் வந்து உட்கார்ந்திருக்கும். பூச்சு போனாலும் கல் பிழைத்திருக்கும். பூச்சு தேய வேண்டும், கல் நிற்க வேண்டும் என்பதே அந்தக் காலத்துக் கணக்கு.

பெரியம்மா குடும்பம் அந்த வீட்டை விட்டு வந்ததற்குக் காரணம் சுவர் மட்டும் இல்லை. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்றவிடாமல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது, 2000 ஜனவரியோடு பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஒரேயடியாக ஏற, ஜார்ஜ் டவுனிலிருந்து பல குடும்பங்கள் கிளம்பின. வாடகை குறைவாக இருந்த காலத்தில் வீட்டுக்காரர்கள் செலவுசெய்து வீட்டை மாற்றவில்லை. அதனாலேயே பல வீடுகள் பழைய ஓடு, பழைய மரம், பழைய சுண்ணாம்போடு தப்பின. வீடு தப்பியது, குடியிருந்தவர் போனார். மரபைக் காப்பதாகப் பேசும்போது இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. மையப் பகுதியும் சுற்றுப் பகுதியுமாக ஏறத்தாழ 259 ஹெக்டேர், அதற்குள் 5,000த்துக்கு மேற்பட்ட கட்டடங்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய திங்க் சிட்டி நிறுவனம் பழுதுபார்ப்புக்கு மானியம் கொடுத்தது. அதற்கும் முன்பே லெபு லீத்தில் ஒரு முன்மாதிரி இருந்தது. சீனச் செல்வர் ச்சியோங் ஃபாட் சீயின் நீல மாளிகை இடிபடும் நிலையிலிருந்து மீண்டு, யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருது தொடங்கிய 2000ஆம் ஆண்டிலேயே அதன் உயரிய பரிசைப் பெற்றது. அந்த நீலம் டப்பா பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்த நிறம். அடுத்தமுறை போனால் சுவரைக் கிட்டே நின்று பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு சாயல், வெயிலில் ஒரு சாயல் காட்டும்.

மறுபயன்பாடு என்றாலே எல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள், கதவுகள், நிலைகள் எல்லாம் அங்கே கடை கடையாக விற்பனைக்கு நிற்கும். அழகான பொருள்கள். ஆனால் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் கழற்றப்பட்ட ஒரு வீடு இருக்கிறது. பினாங்கிலும் பழைய கதவு, பழைய தளக்கல், பழைய பலகைக்குக் கிராக்கி ஏறிவிட்டது. காபிக்கடைக்கு "பழைய லுக்" வேண்டும் என்பதற்காக, நின்றுகொண்டிருக்கும் ஒரு வீடு பொருளுக்காக உடைபட்டால் அதை மறுபயன்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். என் வரிசை இப்படி: வீடு நின்றால் வீட்டையே பயன்படுத்து. சுவர் நின்றால் சுவரை. இரண்டும் முடியாதபோதுதான் கல்லும் கட்டையும்.

வீட்டையே பயன்படுத்துவதற்கு ஜாலான் குர்த்வாராவில் இருக்கும் ஹின் பஸ் டிப்போ நல்ல உதாரணம். 1947இல் கட்டிய பஸ் பட்டறை, பல வருடம் பூட்டிக் கிடந்து, 2014இல் கலைக்கூடமாகத் திறந்தது. பளபளப்பாக்கிப் பாழ்பண்ணவில்லை. திறந்தவெளி புல்தரையாகவே இருக்கிறது, சுவரோரம் செடிகொடிகள் அவற்றின் போக்கில் வளர்கின்றன. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்கள் ஓடுவது அந்தப் புல்லில்தான்.

அதே வரிசையில் 'சியா போய்' என்ற இடம். ஹொக்கியன் மொழியில் ஊர்க்கோடி என்று பொருள். பழைய பிராங்கின் சந்தையை ஒட்டி மண்ணுக்குள் மறைந்திருந்த கால்வாயைத் தோண்டி எடுத்து, 2019இல் தொல்லியல் பூங்காவாகத் திறந்தார்கள். சாக்கடை என்று நினைத்திருந்த இடத்தில் இப்போது மீன் நீந்துகிறது. கருங்கல் கரை அப்படியே இருக்கிறது.

கட்டடம் இயற்கைக்கு இடம் கொடுப்பது என்றால் பலருக்கும் மாடியில் தொங்கும் பச்சைச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. மோட்டார் வைத்துத் தண்ணீர் ஊற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செடியை மாற்றி நடத்தும் சுவர். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கடைவீட்டின் முற்றத்தைப் பாருங்கள். மழை நேராக உள்ளே விழும், சூடான காற்று மேலே போகும். இரண்டு தொட்டிச் செடியும் ஒரு துளசியும் அங்கேயே பிழைத்துக்கொள்ளும். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளி வீட்டுக்குக் காற்று வர வைத்தது. அதே இடைவெளியில் உழவாரன் குருவி கூடு கட்டும். இறகையும் வைக்கோலையும் எச்சிலால் ஒட்டிக் கட்டிய கூடு. மாலையில் கடைத்தெருவுக்கு மேலே கீச்சென்று வட்டமடிக்கும் கூட்டம் அதுதான். பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும் பறவை, தரையில் இறங்கவே இறங்காது. நம் ஓட்டுச்சந்துதான் அதற்கு வீடு.

அதன் சொந்தக்காரப் பறவை ஒன்றால் ஜார்ஜ் டவுன் பட்ட பாடும் உண்டு. எச்சிலாலேயே கூடு கட்டும் உழவாரன் இனம் அது. சூப்புக்காக அந்தக் கூடு நல்ல விலைக்குப் போகும். காலியான கடைவீடுகளைப் பறவைப் பண்ணையாக்கினார்கள். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே இருட்டும் ஈரமும் நிற்கும்படி செய்து, பறவைக் குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்கள். ஈரத்தில் உத்தரம் ஊறியது, பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரும் ஊறியது. மரபுப் பகுதிக்குள் இந்தப் பண்ணைகளை 2013 முடிவோடு மூட வைத்தார்கள். பறவைக்கு இடம் கொடுப்பது வேறு, வீட்டைப் பறவைக் கூண்டாக்குவது வேறு. அரசங்கன்றும் அப்படித்தான். கோயில் கோபுரமானாலும் கடைவீட்டுச் சுவரானாலும், விரிசலில் முளைத்த அரசையும் ஆலையும் சின்னதிலேயே வேரோடு எடுத்துவிட வேண்டும். தயவு பார்த்து விட்டால் பத்து வருடத்தில் சுவரைப் பிளந்துவிடும். அதைத் தூக்கிப்போடாமல் திறந்த மண்ணில் நட்டுவிடலாமே.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் கடைவீட்டில் இல்லை. தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளில் வரிசை வீட்டில் இருக்கிறோம். வீடு வாங்கியதும் முதல் வேலை என்ன? வாசலில் இருக்கும் கொஞ்சம் மண்ணையும் மூடிக் கார் நிறுத்தச் சிமெண்டு. பின்பக்கத்தை நீட்டி அடுப்படி. பழைய நிலை, ஜன்னல் கம்பி, ஓடு, கழிவறைப் பீங்கான் எல்லாம் வாசலில் நிற்கும் பெரிய ரோரோ குப்பைத் தொட்டிக்குள் ஒன்றாக விழும். பழைய இரும்பு வாங்கும் பெசி பூரோக் வேனில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருகிறவர் வந்து இரும்பையும் செம்பையும் மட்டும் பொறுக்கிப் போவார், ஏனென்றால் அதற்கு விலை உண்டு. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் அப்படி வாங்க ஆள் வருவதில்லை. ஒரு பழைய கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கூலியைவிடப் புதுக் கல் மலிவு. இந்த விலைக் கணக்கு மாறாதவரை நல்லெண்ணம் மட்டும் தொட்டி நிரம்புவதைத் தடுக்காது.

வாசல் மண்ணை மூடியதன் பலனை 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு பார்த்தது. ஓரிரவு கொட்டிய மழையில் தீவும் பெருநிலமும் மூழ்கின. அந்த மழையை எந்த ஊரும் முழுதாகத் தாங்கியிருக்காது, உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு வாசலும் தன் மழையை அப்படியே கால்வாய்க்குத் தள்ளிவிடும்போது, கால்வாய் எவ்வளவு அகலம் இருந்தாலும் பற்றாது. பினாங்கு மாநகர் மன்றம், திங்க் சிட்டி, ஐநா வாழ்விட அமைப்பு முதலியவை சேர்ந்து ஜார்ஜ் டவுனிலும் பாயான் லெப்பாஸிலும் இயற்கையை ஒட்டிய ஒரு காலநிலைத் திட்டத்தை நடத்துகின்றன. காலநிலைத் தழுவலுக்கான பன்னாட்டு நிதியம் (Adaptation Fund) அதற்கு 1 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. சாலையோர மரம், பசுமை வழிகள், மழைநீரைத் தாங்கி மெல்ல விடும் பள்ளங்கள் என்று வேலை. அதில் வாசல் மண்ணைத் திறந்துவைக்கும் பங்கு நம்முடையது. கார் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் பழைய தளக்கல்லோ செங்கல்லோ மணலில் பதித்துவிட்டு, நடுவில் புல்லை விடலாம். சிமெண்டு வேண்டாம், மணல்தான். பிறகு குழாய் போடத் தோண்ட நேர்ந்தால் கல்லை எடுத்து வைத்து மறுபடி பதிக்கலாம்.

"செடி வைத்தால் கொசு வருமே, டெங்கி வருமே" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். நியாயமான பயம். ஏடிஸ் கொசு தெளிந்து தேங்கிய தண்ணீரில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும் மண்ணில் அது வளராது. அது வளர்வது தொட்டிக்கடித் தட்டில், அடைத்த கூரைத் தகரப் பீலியில், சிமெண்டு மாடியின் பள்ளத்தில். தட்டை எடுத்துவிட்டுத் தொட்டியை மண்மேல் வையுங்கள், வாரம் ஒருமுறை பீலியைப் பாருங்கள். செடியைக் குற்றம் சொல்லி எல்லாவற்றையும் சிமெண்டால் மூடினால், தேங்குகிற இடம்தான் கூடும்.

உயரக் கட்டடங்களிலும் பினாங்குக்கு ஒரு பெருமை உண்டு. 1948இல் இங்கே பிறந்த கட்டடக் கலைஞர் கென் யாங், வெப்பநாட்டுக்கு ஏற்ற அடுக்குமாடியை உலகத்துக்குக் காட்டியவர்களில் முன்னோடி. சுபாங் ஜெயாவில் 1992இல் முடிந்த அவருடைய மெசினியாகா கோபுரத்தில் தோட்டம் சுருள் போலக் கட்டடத்தைச் சுற்றி ஏறுகிறது. அதற்கு 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பினாங்கின் மெக்காலிஸ்டர் சாலையில் 1998இல் எழுந்த மெனாரா அம்னோ கோபுரத்தில் காற்றைப் பிடித்து உள்ளே திருப்பும் சிறகுச்சுவர்களை வைத்தார். 2009இல் வந்த மலேசியாவின் பசுமைக் கட்டடக் குறியீடும் மறுபயன்பாட்டுப் பொருளுக்கு மதிப்பெண் கொடுக்கிறது. அதில் எனக்குப் போதாமல் தெரிவது, அந்த மதிப்பெண் புதிதாகக் கட்டுகிறவரின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதுதான். இடிக்கிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் கேட்டது. 1916க்கோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது, கையால் பிரித்துப் பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2016இல் விதி போட்டது. பிறகு அந்த வரம்பை 1940 வரை நீட்டியது. அந்த ஊர் வீடுகள் மரச்சட்ட வீடுகள். நம்முடையவை சுண்ணாம்பும் செங்கல்லும், பிரிப்பது இன்னும் எளிது. இடிப்பதற்கு அனுமதி கேட்கும்போதே ஓடு எத்தனை, உத்தரம் எத்தனை, எங்கே போகப்போகிறது என்று ஒரு பட்டியல் கேட்கலாம். மாநகர் மன்றம் ஒரு கிடங்கைத் திறந்து, அந்தப் பொருளை மரபு வீட்டுப் பழுதுபார்ப்புக்கு முதலில் கொடுக்கலாம். அந்தச் சந்துக் கொத்தனார் போல் கல்லைத் தட்டிக் காதால் தரம் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நாலு இளைஞர்களைச் சம்பளத்தோடு உட்கார வைக்க இன்னும் நேரம் இருக்கிறது.

அன்று வேலை முடியும் நேரத்தில் கொத்தனார் ஏணியில் ஏறி ஓட்டுச்சந்தைப் பார்த்தார். சுவரில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. கூரை மாற்ற வந்த பையன் அந்த இடைவெளியை அடைக்கச் சாந்தைக் குழைத்து வைத்திருந்தான். "அதை நாளைக்கு வேற இடத்துக்கு வச்சுக்கோ" என்று இறங்கி வந்தார். உள்ளே குஞ்சு இருந்ததாம். பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்து ஓட்டைத் தொட வேண்டாம், முன்பக்கத்திலிருந்து தொடங்கு என்று சொல்லிவிட்டுப் பாராங்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.